இரண்டு கட்டத்திலும் சரி போட்ட அக்கா

போன கிழமை என் கைத்தொலைபேசி நான் யாரென்று எனக்குச் சொன்னது.

முடிவெட்டும் கடையில் இருந்தேன். எனக்கு முன்னால் நான்கு பேர். எனக்கு வெட்ட ஐந்து நிமிடம் போதும், தலையில் மிச்சம் அவ்வளவுதான். ஆனாலும் வரிசை வரிசைதானே. அந்த நேரம் பார்த்து மருமகள் ஒரு இணைப்பை அனுப்பி, "மாமா, இதச் செய்து பாருங்க, நீங்க எந்த வகை ஆள் எண்டு சொல்லும்" என்று எழுதியிருந்தாள். நாற்பது கேள்வி. முன்னால் இருந்தவரின் மீசையை ஒதுக்கி முடிப்பதற்குள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன். "நீங்கள் அமைதியானவர். முடிவுகளை மற்றவர்களிடம் விட்டுவிட விரும்புபவர்" என்று வந்தது. பக்கத்தில் ஒரு ஆமையின் படம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன்.

"இதுக்கு நாப்பது கேள்வியா? என்னட்ட ஒண்டு கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே" என்றாள். பிறகு படத்தை உற்றுப் பார்த்து, "ஆமைதான் கொஞ்சம் சுறுசுறுப்புக் கூடின மாதிரிக் கிடக்கு" என்றாள்.

ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே மாதிரி இன்னொரு சோதனை என்னைப் 'பிறவித் தலைவர்' என்று சொல்லியிருந்தது. கடதாசியில் அச்சடித்து, கையொப்பமும் வைத்துத் தந்தார்கள். அந்தக் கடதாசியை நினைக்கும்போது எனக்குத் தலைமைத்துவம் ஞாபகம் வருவதில்லை. ஒரு அக்கா ஞாபகம் வருகிறார்.

பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால், "என்னப்பத்தி எழுதினியாம், யாருக்குக் காட்டுறத்துக்கு எழுதின?" என்றுதான் முதலில் கேட்பார். அது அவருடைய குணம். எதைக் கேட்டாலும், அந்தக் கேள்விக்குள் இன்னொரு ஆளை உட்கார வைக்காமல் அவரால் பதில் சொல்ல முடியாது.

"அக்கா, உங்களுக்கு மீன் விருப்பமா, இறைச்சி விருப்பமா?"

"யாரோட திங்கக்குள்ள?"

"தேத்தண்ணிக்குச் சீனி போடுவீங்களா?"

"யாரு ஊத்துற?"

இப்படிக் கேட்டுக் கேட்டு, இரண்டு வருடம் ஒரே அலுவலகத்தில் இருந்தும் அவர் சீனி போடுவாரா இல்லையா என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

நாங்கள் இருவரும் மட்டக்களப்பு நகரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள அலுவலர்கள். வீட்டுத்தோட்டத் திட்டம். ஊர் ஊராகப் போய், பெண்கள் குழுக்களைச் சந்தித்து, விதை கொடுத்து, படிவம் நிரப்பி வருவது வேலை. விதை முளைத்ததோ இல்லையோ, படிவங்கள் நன்றாக வளர்ந்தன.

உன்னிச்சையில் ஒரு வாயாடிப் பெண் இருந்தாள். அந்த வீட்டுப் படலையைத் திறக்கும்போதே அக்காவின் குரல் ஏறிவிடும். "என்னகா, வெண்டி நட்டயா, இல்ல விதையையும் கறி வெச்சித் திண்டுட்டயா?" உள்ளே இருந்து அதைவிடப் பெரிய சத்தத்தில் பதில் வரும். இருவரும் சண்டை பிடிக்கிறார்கள் என்று நினைத்து நான் முதல் நாள் சாரதியைக் கூப்பிடப் போனேன்.

அதே அக்கா, அன்று பின்னேரம் ஏறாவூரில் ஒரு நெசவுக்காரப் பெண்ணின் வீட்டில் பாயில் ஒடுங்கி உட்கார்ந்து, "ராத்தா, புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டா?" என்று கேட்கும் குரலைக் கேட்க, வெளியே நின்ற நான் காதைத் தீட்ட வேண்டியிருந்தது.

கரடியனாற்றில் ஒரு வீடு. யானை அடித்துப் புருஷனை இழந்த பெண். நாங்கள் போனபோது அவள் சுளகில் அரிசியைப் பரப்பி வைத்து, கல் பொறுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் குந்தி, சுளகின் மறுபாதியைத் தன் பக்கம் இழுத்துக் கல் பொறுக்கத் தொடங்கினார். அரை மணித்தியாலம். நான் படிவத்தையும் பேனையையும் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்தக் கேள்வியில் தொடங்குவது என்று தெரியாமல் முற்றத்துக் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தப் பெண்ணே வாயைத் திறந்து, கிணறு வற்றிப்போனதைச் சொன்னாள். நாங்கள் கேட்க வந்ததும் அதைத்தான்.

என்னோடு இருக்கும்போது அக்கா பகிடிக்காரி. நான் ஒன்று விட்டால் அவர் இரண்டு விடுவார். ஆகவே எனக்குள் ஒரு கணக்கு இருந்தது: வீடுகளில் காட்டுவதெல்லாம் வேலைக்காகப் போடும் வேஷம், அலுவலக வான் வண்டிக்குள் என்னோடு சிரிக்கிறவர்தான் அசல். அதை ஒருநாள் வாய்விட்டும் சொன்னேன்.

"அக்கா, நீங்க நடிக்கப் போயிருக்கலாம். வீட்டுக்கு ஒரு ஆளா மாறுறீங்க."

அவர் சிரிக்கவில்லை. யன்னலால் வட்டைப் பக்கம் பார்த்தார். வெட்டி முடிந்த வயலில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"நடிக்கிறண்டா தெரிஞ்செல்லோ செய்யணும் தம்பி. எனக்கு ஆக்களக் கண்டாத் தன்பாட்டுக்கு அப்பிடி வந்திரும். மறுகா யோசிச்சாத்தான், நானா இப்பிடிப் பறைஞ்ச எண்டு இரிக்கும்."

அந்த வருட நடுவில் திட்டம் முடிகிற செய்தி வந்தது. அடுத்த கட்டம் உன்னிச்சையில் மட்டும். வெளிக்கள அலுவலர் இருவரில் ஒருவருக்குத்தான் இடம், மற்றவர் வீட்டுக்குப் போக வேண்டும். என் வீட்டில் அம்மாவின் ஓய்வூதியம் இருந்தது, கட்டாரில் உழைக்கிற ஒரு தம்பியும் இருந்தான். அக்காவின் வீடு அமிர்தகழியில். அவர் கணவர் வாவியில் தோணி தள்ளுகிறவர், மீன் பட்டால் உண்டு. மாமியார், பிள்ளைகள், தங்கையின் குடும்பம் என்று ஒரே கூரைக்குக் கீழ் ஒன்பது பேர். மாதம் தவறாமல் வந்தது அக்காவின் சம்பளம் மட்டும்தான்.

ஆளைத் தெரிவுசெய்யக் கொழும்பிலிருந்து ஒரு பயிற்றுநரை அனுப்பினார்கள். அலுவலகத்தில் எல்லோருக்கும் ஆளுமைச் சோதனை. அறுபது வசனம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். முடிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நான்கு வகையில் ஒன்றுக்குள் போய் விழுவோம். தலைவராக வரத்தக்கவர் சிவப்பு.

பயிற்றுநர் நல்ல பிள்ளை. "இந்த வகை பிறக்கும்போதே அமைவது. வாழ்நாள் முழுவதும் மாறாது" என்று விளங்கப்படுத்தினார்.

அக்கா கை உயர்த்தினார். "தாய்வழியா மிஸ், தகப்பன் வழியா?"

எங்கள் பக்கத்தில் ஒருவர் என்ன குடி என்பது தாயால் வருவது. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. கொழும்புப் பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? "அப்படியெல்லாம் இல்லையே..." என்று இழுத்தார்.

"அப்ப சிவப்பும் சிவப்பும் கட்டலாமா?"

மண்டபம் சிரித்தது. அக்கா பகிடிக்குக் கேட்கவில்லை. ஒன்று பிறப்பால் வருகிறது என்றால் அதன் மற்ற விபரங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்தே இணையத்தில் தேடி, என்னென்ன பதில் போட்டால் சிவப்பு வரும் என்று படித்து வைத்திருந்தேன். 'கூட்டத்தில் முதலில் பேசுவது நானே.' ஆம். 'நெருக்கடியில் நிதானம் இழக்கமாட்டேன்.' ஆம். 'ஆபத்தைக் கண்டு பின்வாங்கமாட்டேன்.' ஆம். இத்தனைக்கும், முந்தின கிழமைதான் கரடியனாற்றில் ஒரு கிடாய்க்குப் பயந்து வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்தியிருந்தேன். சிறிய கிடாய்தான்.

பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அக்கா ஒன்றரை மணித்தியாலம் எழுதினார். மேலதிகக் கடதாசி கேட்டு வாங்கினார். ஆளுமைச் சோதனைக்கு மேலதிகக் கடதாசி கேட்டவர் இலங்கையிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அடுத்த நாள் பின்னேரம் முடிவு வந்தது. நான் சிவப்பு. சும்மா சிவப்பில்லை, 'பிறவித் தலைவர்'. அக்காவின் தாளில் குறுக்கே 'செல்லுபடியற்றது' என்று எழுதியிருந்தது.

எங்கள் வெளிக்களப் படிவங்களில் 'பொருந்தும் எல்லாவற்றுக்கும் சரி இடுக' என்று ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்றால் கிணறு, குழாய், குளம் மூன்றுக்கும் சரி போடலாம். அக்கா அந்தப் பழக்கத்தில், அறுபது வசனத்தில் ஐம்பத்துச் சொச்சத்துக்கு இரண்டு கட்டத்திலும் சரி போட்டிருந்தார். போட்டதோடு விடாமல், நல்ல அலுவலர் செய்வதுபோல ஓரத்தில் விளக்கமும் எழுதியிருந்தார். 'விரைவில் கோபம் வரும்': மூத்த மகனோடு ஆம், மாமியாரோடு இல்லை. 'அதிகம் பேசுவேன்': உன்னிச்சையில் ஆம், கரடியனாற்றில் இல்லை.

அலுவலக விறாந்தையில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"தம்பி, எல்லாருக்கும் ஒவ்வொரு நிறம் வந்திரிக்கு. தேத்தண்ணி ஊத்துற புள்ளைக்கும் மஞ்சள் வந்திரிக்கு. எனக்குத்தான் ஒண்டுமில்ல."

"அது தாள்ட பிழை அக்கா."

"தாள்ட பிழையில்ல. நான் நேத்து வீட்ட போயும் யோசிச்சன். எல்லாரையும் எடுத்துட்டுப் பாத்தா, உள்ளுக்க ஆள் ஒருத்தருமே இல்லையோ எண்டு பயமாக் கிடக்கு."

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இத்தனை வருடமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். அன்று நான் சொன்னது இதுதான்:

"ஆளில்லாட்டி வாடகைக்கு விடலாமே அக்கா."

அவர் சிரித்தார். உடனே, வழக்கம்போல, எனக்காகச் சிரித்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனார். மாத முடிவோடு வீட்டுக்கும் போய்விட்டார்.

பிறவித் தலைவர் உன்னிச்சைக்குத் தனியே போனார்.

மரத்துக்குக் கீழே பெண்கள் வரிசையாக இருந்தார்கள். சுனாமிக்குப் பிறகும் யுத்தத்துக்குப் பிறகும் எத்தனையோ நிறுவனங்களின் எத்தனையோ படிவங்களுக்குப் பதில் சொன்னவர்கள் அவர்கள். கேள்வி முடியும் முன்பே, படிவம் எந்தப் பதிலுக்கு ஆசைப்படுகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். "தோட்டம் பயனளிக்கிறதா?" என்றேன். "ஓம் சேர், நல்ல பயன் சேர்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். அவர்களுக்குப் பின்னால் தெரிந்த தோட்டத்தில் ஒரு மாடு நின்று மேய்ந்துகொண்டிருந்தது. மூன்று கிழமை இப்படிப் போனது. என் படிவங்கள் அவ்வளவு அழகாக என்றும் நிரம்பியதில்லை.

நாலாம் கிழமை வாயாடிப் பெண் பொறுமை இழந்தாள்.

"தம்பி, கோவியாதிங்க. மிஸ் எங்க?"

'சேர்' போய் 'தம்பி' ஆனதே பெரிய முன்னேற்றம். சோதனை நடந்ததையும், அவர்களுடைய மிஸ், எங்கள் அக்கா, எந்த வகை என்று கண்டுபிடிக்க முடியாமல் போனதையும் சொன்னேன்.

"இதென்ன கூத்து! அவ எந்த வகை எண்டு எங்களிட்டக் கேட்டிருக்கலாமே. அவ என்னப் போல. வாயத் துறந்தா மூடமாட்டா."

பின்வரிசையில் ஒரு பெண் தலையை நிமிர்த்தினாள். இரண்டு வருடத்தில் அவள் குரலை நான் கேட்டதில்லை.

"பொய் சொல்லாதகா" என்றாள். "அவ என்னப் போல. என்ட வீட்ட வந்தா ஒரு கதை பறையமாட்டா. கிட்ட வந்து இரிப்பா, அவ்வளவுதான்."

"உங்க ரெண்டு பேருக்கும் ஒண்டும் தெரியா" என்றாள் இன்னொருத்தி. "அவ அழுகுணி. என்னப் போல. நானும் அவவும் எத்தின நாள் இரிந்து அழுதிரிக்கம்."

சண்டை தொடங்கியது. அக்கா யாரைப் போன்றவர் என்பதில் மரத்தடி நாலு கட்சியாகப் பிரிந்தது. நான் படிவத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் வாய் துடித்தது, "இல்லை, அவர் என்னைப் போல, பகிடிக்காரி" என்று சொல்ல. அப்போதுதான் உறைத்தது. நானும் அந்த வரிசையில் ஒருத்தன்தான். வானுக்குள் சிரித்த அக்கா எனக்கு அளவெடுத்துத் தைத்தவர்.

அடுத்த நாள் எங்கள் அலுவலகத் தலைவரிடம் போனேன். நல்ல மனிதர், எப்போதும் களைத்திருப்பார்.

"சேர், நான் சிவப்பில்ல. பாத்துப் படிச்சிட்டு வந்து எழுதின."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தெரியும் தம்பி. சிவப்புக்காரன் எவனும் கதவத் தட்டிட்டு இவ்வளவு நேரம் வெளிய நிக்கமாட்டான்."

"உன்னிச்சைக்கு அக்காதான் சரி சேர்."

"அதுவும் எனக்குத் தெரியும். ஆனா கொழும்புக்கு அனுப்புற படிவத்தில வகை எண்டு ஒரு இடம் இரிக்கு. வெறுமையா அனுப்பேலா. எந்த வகை எண்டாலும் பறவாயில்ல, அறுபதுக்கும் ஒவ்வொரு சரி போட்டு ஒரு தாள் வாங்கிட்டு வாங்க. மிச்சத்த நான் பாக்கிறன்." பிறகு பழைய தாளை எடுத்துக் காட்டினார். "ரெண்டு கட்டத்திலயும் போட்டது பெரிய பிரச்சினையில்ல. இந்தா, இதப் பாருங்க. இதொண்டுக்கு மட்டும் ஒரு கட்டத்திலயும் போடல்ல."

'தனியாக இருக்கும்போது மகிழ்ச்சியாக இருப்பேன்.' இரண்டு கட்டமும் வெறுமை. ஓரத்தில் சின்ன எழுத்தில்: 'இருந்து பார்த்ததில்லை.'

புதிய தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அமிர்தகழிக்குப் போனேன். அங்கே மாமாங்கக் கோயில் திருவிழா நாள். கோயில் வீதியில் சனத்துக்குள் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது அக்காவின் கணவரைக் கண்டேன். தோளில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, பின்னால் அக்காவின் மாமியாரும் தங்கையின் குடும்பமும்.

"அவ வரல்லியா அண்ணன்?"

"காலுக்கு ஏலாதாம். வீட்டதான் படுத்திரிக்கா."

ஒழுங்கை முனையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தேன். முன்கதவு திறந்து கிடந்தது. ஆளில்லை. வளவின் பின்பக்கம் வாவிக்கரை. அங்கே இருந்து ஒரு சத்தம் வந்தது. (மட்டக்களப்பு வாவியில் ஒரு சத்தம் என்று எழுதினால் எல்லோரும் இங்கே பாடுவதாகச் சொல்லும் மீனைத்தான் நினைப்பார்கள். மீனில்லை.) வேலிப்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன்.

முழங்கால் தண்ணீரில் அக்கா நின்றார். வீட்டுச் சட்டையை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார். ஏலாத காலால் தண்ணீரை உதைத்தார். உதைத்துவிட்டு, சிதறிய தண்ணீர் விழுந்து அடங்கும்வரை பார்த்து நின்று, விசில் அடித்தார். நல்ல விசில் இல்லை, பாதி காற்று. எந்தப் பாட்டும் இல்லை. இரண்டு மூன்று தரம் சரிவராமல், உதட்டை நாவால் நனைத்து மறுபடியும் அடித்தார். இந்த முறை நீளமாக, தெளிவாக வந்து வாவி முழுக்கப் போனது. அதற்கு ஒரு கொக்குகூடத் திரும்பவில்லை. அக்காவும் யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் அது நான் அறிந்த சிரிப்பில்லை. எதிரே ஆளில்லாத சிரிப்பு.

கூப்பிட வாய் திறந்தவன் மூடிக்கொண்டேன். கூப்பிட்டால் திரும்புவார். திரும்பும்போதே என்னுடைய அக்காவாகிவிடுவார்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு சத்தமில்லாமல் பின்னால் அடியெடுத்து வைத்து, ஒழுங்கை முனைவரை போய், வண்டியை எடுத்து, இப்போதுதான் வருகிறவன்போல முழு ஒழுங்கைக்கும் ஹோன் அடித்துக்கொண்டு வந்தேன்.

படலையைத் திறக்கும்போது அக்கா முன்கதவில் நின்றார். கொஞ்சம் நொண்டினார்.

"என்னடா தம்பி, மந்திரி வாற மாதிரி ஹோன் அடிச்சிட்டு வாறாய்?"

விசயத்தைச் சொன்னேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. தாளை வாங்கி, வாசற்படியில் இருந்து, என் பேனையால் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போனார். "உன்னிச்சையில இரிக்கிற மாதிரி நினைச்சிப் போடுறன், சரிதானே? அங்கதானே வேலை." நான் தலையாட்டினேன். ஐம்பத்தொன்பது வசனம் கால் மணித்தியாலத்தில் முடிந்தது. பேனை ஒரு இடத்தில் நின்றது. எந்த இடம் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"இதுக்கு என்னத்தப் போடுற?"

"ஆம் போடுங்க அக்கா."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவன் நான். அன்று ஒன்றும் வரவில்லை.

"தெரியும்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, தண்ணீர் சொட்டி வாசற்படியை நனைத்துக்கொண்டிருந்த தன் சட்டையின் கரையைப் பார்த்தார். முகம் சிவந்தது. சிரிக்கவில்லை. எனக்காக ஒன்றும் செய்யவில்லை. கரையை மெல்லப் பிழிந்து விட்டுவிட்டு, ஒரு கட்டத்தில் மட்டும், அழுத்தி, சரி போட்டார்.